மொத்தத் தொகையும் மாதத் தொகையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் சங்கத்தின் மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, இன்று ஓய்வூதியக் கணக்கொன்றைப் பற்றிப் பேச நாம் முன்வந்துள்ளோம். விருந்துக்கு வந்தவர்களிடம் வரவு செலவுக் கணக்கை நீட்டுவது போன்றது இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இதனைச் சொல்லாமல் விடுவது பெருங்குறையாகும் என்று நமக்குத் தோன்றியது. காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

நம் சங்கத்தாரில் வாணிகம் செய்ய வந்தவர்களும் உளர். அரசு அலுவலுக்கு வந்தவர்களும் உளர். ஆனால் இந்தப் பாசறை நகரத்தில் நம்மிற் பலருடைய வேர் படைத்துறையிலேயே இருக்கிறது. 1758-ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் மதராஸ் ரெஜிமென்டிலும், 1780-இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையிலும் நம் பாட்டனார் காலந்தொட்டுத் தொண்டாற்றிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் இந்த அவையில் பலர் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே, படைவீரனுடைய உடற்குறைக்கு அரசு தரும் பணத்தைப் பற்றிய பேச்சு நம் வீட்டுப் பேச்சே.

சென்ற பொங்கலுக்கு அடுத்த நாள் நம் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற அவில்தார், ஒரு பழைய கோப்புடன் நம் வீட்டுக்கு வந்தார். மலைப்பாதையில் உணவுப் பொருள் ஏற்றிச் சென்ற வண்டி கவிழ்ந்ததில் அவருடைய வலது முழங்கால் முறிந்தது. கடமையின்போது நேர்ந்த ஊனம் என்று மருத்துவ வாரியம் ஒப்புக்கொண்டது. வாழ்நாள் முழுதுக்கும் 30 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஆனால் அவரைப் படையிலிருந்து வெளியேற்றவில்லை. ஓட்டமும் ஏற்றமும் இல்லாத பணியில் வைத்துக்கொண்டார்கள். 2012-இல் ஒரு தாளைக் கொடுத்தார்கள், கையெழுத்திட்டார். ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை வந்தது. தங்கையின் திருமணத்துக்கு அது பயன்பட்டது. 2022-இல் ஓய்வு பெற்றார். தம்மைவிடக் குறைந்த ஊனமுடைய தோழர் ஒருவர் மாதந்தோறும் ஊனப்பகுதி என்ற தொகையைப் பெறுவதை அறிந்து, தமக்கும் அது வேண்டுமென எழுதினார். "ஏற்கெனவே மொத்தத் தொகை பெற்றுக்கொண்டபடியால் இனி உரிமை இல்லை" என்று விடை வந்தது.

அவர் நம்மிடம் கூறிய சொற்கள் இவை: "ஐயா, அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்குத்தான் படித்துப் பார்க்கிறேன்."

அந்த விடை விதிக்கு மாறானதன்று. அதுதான் நம் நெஞ்சை உறுத்தியது. தவறு செய்தவர் ஒருவர் இருந்தால் வழக்காடலாம். இங்கே யாரும் விதியை மீறவில்லை. விதியை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை, அவ்வளவே.

இனிச் செய்திக்கு வருவோம். உடற்குறையுற்ற படைவீரனுக்கு அரசு இருவகையாகப் பணம் தரலாம். ஒரே முறையில் ஒரு பெருந்தொகையைத் தந்து கணக்கை முடிப்பது ஒருவகை. உயிருள்ளவரை மாதந்தோறும் சிறுதொகை தருவது மற்றொரு வகை. ஒரே காயத்துக்கு இரண்டையும் முழுமையாகத் தரலாமா என்பதே உலகில் பல அரசுகள் தடுமாறும் கேள்வி. இந்தக் கேள்வியை மிக விரிவாகச் சட்டமாக்கி, அச்சட்டத்தைப் பலமுறை திருத்தியும் வந்துள்ள நாடு அமெரிக்கா. அங்குள்ள முறையை முதலில் கண்டுவிட்டு நம் நாட்டுக்குத் திரும்பினால், நம் விதியின் கூர்மை நமக்கு நன்கு விளங்கும்.

அமெரிக்கப் படையில் ஒருவர் பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவாகிறது என்க. அவர் 20 ஆண்டுப் பணி நிறைவு செய்யாதவர். அவருடைய ஊனமும் 30 விழுக்காட்டுக்குக் குறைந்தது. அத்தகையவருக்கு ஓய்வூதியம் இல்லை. விலகல் தொகை என்று ஒரு மொத்தத் தொகையைத் தந்து அனுப்பிவிடுகிறார்கள். ஊனம் 30 விழுக்காட்டை எட்டினாலோ ஓய்வூதியமும் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் உண்டு. 20-க்கும் 30-க்கும் இடையே உள்ளது பத்தே விழுக்காடு. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

விலகல் தொகையைக் கணக்கிடும் முறை எளிது. மாத அடிப்படைச் சம்பளத்தை இரட்டித்துப் பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 3,000 டாலர் பெற்றவர், 8 ஆண்டுப் பணி செய்தவர் என்று கொண்டால் 48,000 டாலர் வரும். கேட்பதற்குப் பெரிய தொகைதான்.

அவர் வீடு திரும்பியபின் அந்நாட்டு முன்னாள் படைவீரர் துறைக்கு விண்ணப்பிக்கிறார். அத்துறை தனியே சோதித்து, பணியால் வந்த ஊனத்துக்கு மாத இழப்பீடு வழங்குகிறது. இங்கேதான் இடறல். எந்த ஊனத்துக்காக விலகல் தொகை தரப்பட்டதோ அதே ஊனத்துக்கான மாத இழப்பீடு, அத்தொகை முழுதும் ஈடாகும்வரை நிறுத்திவைக்கப்படும். மாத இழப்பீடு 300 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 48,000-ஐ 300-ஆல் வகுத்தால் 160 மாதம். அதாவது 13 ஆண்டும் 4 மாதமும். இழப்பீட்டுக்கு உரியவர் என்ற ஆணை அவர் கையில் இருக்கும். அந்த ஊனத்துக்கான பணம் மட்டும் கைக்கு வாராது.

கொடுத்தது கொடையன்று, அவருடைய எதிர்காலத்திலிருந்தே எடுத்துத் தந்த முன்பணம் என்பது அப்போதுதான் விளங்கும். அதற்குள் அந்த முன்பணம் கடனுக்கும் வீட்டு வாடகைக்கும் கரைந்து போயிருக்கும்.

ஆயினும் அந்நாட்டுச் சட்டம் சில வேலிகளை இட்டிருக்கிறது. அவற்றை நாம் மதிக்க வேண்டும். ஒன்று: விலகல் தொகை எந்த ஊனத்துக்கோ, அதற்குரிய இழப்பீட்டில் மட்டுமே பிடிக்கலாம். முழங்காலுக்குத் தொகை பெற்றவருக்குக் காது கேளாமைக்கான இழப்பீட்டை நிறுத்த முடியாது. இரண்டு: அத்துறை முதன்முதலாக மதிப்பிட்ட விழுக்காட்டுக்கு உரிய தொகைக்கு மேல் மாதந்தோறும் பிடித்தல் கூடாது. பின்னாளில் ஊனம் முற்றி இழப்பீடு உயர்ந்தால், உயர்ந்த பங்கு அவர் கைக்கே சேரும். மூன்று: 1996 செப்டம்பர் 30-க்குப் பிறகு பெற்ற தொகையாயின், அதில் பிடித்த வருமான வரியைக் கழித்து மீதியையே ஈடுசெய்ய வேண்டும். கைக்கு வாராத பணத்தைத் திருப்பித் தரச் சொல்வது முறையன்று அல்லவா?

நான்காவது வேலிதான் பெரியது. 2008 ஜனவரி 28 அன்றோ அதற்குப் பின்னரோ விலகியவருடைய ஊனம் போர்க்களப் பகுதியில் கடமையின்போதோ, போர்த்தொடர்புடையதென அரசு வரையறுத்த நடவடிக்கையிலோ நேர்ந்ததாயின், பிடித்தமே இல்லை. விலகல் தொகையும் அவருக்கு; மாத இழப்பீடும் அவருக்கு. குண்டடி பட்டவனிடம் கணக்குப் பார்ப்பது அழகன்று என்று அந்நாட்டுப் பேரவை முடிவு செய்தது. அதே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மறுஆய்வு வாரியம் ஒன்றையும் ஏற்படுத்திற்று. 2001 செப்டம்பர் 11 முதல் 2009 டிசம்பர் 31 வரை, 20 விழுக்காடோ அதற்குக் குறைவோ என மதிப்பிடப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் தம் மதிப்பீட்டை மறுபடி பார்க்கும்படி கேட்பதற்கென அது அமைந்தது.

வரியைப் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. போர்க்காயத்துக்காகத் தரும் விலகல் தொகைக்கு வருமான வரி இல்லை. ஆயினும் 1991 முதல் பல்லாண்டுகள் அத்தொகையில் வரியைத் தவறாகப் பிடித்து வந்தார்கள். 2016 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததில் 1,30,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் இவ்வாறு வரி இழந்திருக்கக்கூடும் என்று தெரிந்து, 2018-இல் அவர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். செல்வமும் சட்ட அறிவும் மிக்க நாட்டிலேயே இத்தனை பேர் தம் பணம் பறிபோனதை அறியாது இருந்தார்கள் என்றால், நம் அவில்தார் நண்பரை அறியாமை உடையவர் என்று யார் பழிக்க முடியும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

உடற்குறையால் படையிலிருந்து வெளியேற்றப்படும் வீரருக்கு நம் நாட்டில் தருவதை நம்மவர் 'டிசபிலிட்டி பென்ஷன்' என்றே வழங்குகின்றனர். அதில் இரு பகுதிகள் உண்டு. பணிக்காலத்துக்கு உரியது பணிப்பகுதி. உடற்குறைக்கு உரியது ஊனப்பகுதி. ஊனம் படைப்பணியால் விளைந்ததாகவோ படைப்பணியால் மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின், 100 விழுக்காடு ஊனத்துக்கு ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனப்பகுதி என்று வகுக்கப்பட்டது. குறைந்த ஊனத்துக்கு அதற்கேற்பக் குறையும். ஏழாவது ஊதியக் குழு ஊதிய விகிதத்தை விடுத்து நிலையான தொகை வைக்கலாமென்று கூறியது. ஆயினும் 2017 மே மாதத்தில் அமைச்சரவை விகித முறையையே நிலைநிறுத்தியது.

இவற்றோடு, 2001 ஜனவரி 31-ஆம் நாளைய ஆணையில் ஒரு நல்ல சலுகை வந்தது. 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். இச்சலுகை வெளியேற்றப்பட்டவர்களுக்கே உரியது என்று நெடுநாள் கூறி வந்தார்கள். 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உரியதே என்று தீர்ப்பளித்தது.

நம் நண்பரைப் போல், ஊனத்தோடு படையிலேயே வைத்துக்கொள்ளப்பட்டவர்களின் நிலை என்ன? 2001-ஆம் ஆண்டு ஆணையின்படி, அவர்களுக்கு ஊனப்பகுதிக்கு மாற்றாக ஒரு மொத்தத் தொகை தரலாம். அதனைக் கணக்கிடும்போது ஊனத்தை 50 என்று உயர்த்துவதில்லை. வாரியம் மதிப்பிட்ட விழுக்காடே கணக்கு. அத்தொகையைப் பெற்றபின், அதே ஊனத்துக்கு ஊனப்பகுதி இல்லை. பிற்காலத்தில் வேறு ஓய்வூதியப் பயனும் இல்லை. பின்னர் 2009 செப்டம்பர் 29 அன்று ஓர் ஆணை வந்தது. 2006 ஜனவரி 1 முதல் ஓய்வு பெறுவோர், அந்த மொத்தத் தொகையை வேண்டாமென்று விட்டிருந்தால், ஓய்வு பெறும்போது ஊனப்பகுதியை ஓய்வூதியத்தோடு சேர்த்துப் பெறலாம் என்று அது கூறியது. பெற்றுக்கொண்டவர் இழந்தார்; விட்டுக்கொடுத்தவர் பெற்றார்.

அமெரிக்க முறைக்கும் நம் முறைக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது காணுங்கள். அங்கே மொத்தத் தொகை ஒரு கடன். என்றேனும் அடைந்து முடியும். முடிந்தபின் மாத இழப்பீடு தொடங்கும். இங்கே அது ஒரு விற்பனைச் சீட்டு; விற்ற நிலம் மீண்டும் வாராது. ஆனால் அங்கே இல்லாத ஒன்று இங்கே உண்டு. நம் வீரனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமையை அறியாமலே அவன் கையெழுத்திட்டுவிடுகிறான் என்பதுதான் துயரம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2012-இல் ஊதியம் 16,000 ரூபாய் என்று கொள்வோம். 30 விழுக்காடு ஊனத்துக்கு மாத ஊனப்பகுதி 1,440 ரூபாய். நாற்பது வயதினருக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுத் தொகையை மொத்தமாக்கித் தருவார்கள். அது 1,55,520 ரூபாய். அவரே அதனை விட்டுவிட்டு 2022-இல் 45,000 ரூபாய் ஊதியத்தில் ஓய்வு பெற்றிருந்தால், ஊனம் 50 என்று உயர்த்தப்பட்டு, ஊதியத்தில் 15 விழுக்காடாகிய 6,750 ரூபாய் மாதந்தோறும் கிடைத்திருக்கும். அகவிலை நிவாரணம் தனி. மொத்தத் தொகைக்கு ஈடானது 24 மாதத்துக்குள் வந்து சேரும். அத்தொகையை வங்கியில் இட்டு அது பத்தாண்டில் இருமடங்கு ஆயிற்று என்றே வைத்தாலும், நான்கு ஆண்டுக்குள் ஈடாகிவிடும். அதன்பின் வருவதெல்லாம் மேல்வரவு. ஓய்வு பெறும் அவில்தார் ஒருவர் இன்னும் முப்பது ஆண்டு வாழ்வது இக்காலத்தில் அரிதன்று.

கிட்டாத பலாக்காயிலும் கிடைத்த களாக்காய் மேல் என்பது நம் பழமொழி. பல இடங்களில் அது மெய். ஆனால் இங்கே பலாமரம் நம் கொல்லையிலேயே நிற்கிறது. காய்க்கும் நாளும் தெரியும். களாக்காயைக் கையில் வாங்கிக்கொண்டு மரத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊனப்பகுதி வீரரின் ஆயுளோடு நின்றுவிடும். நோய் கடியதாயிருந்து ஆயுளில் ஐயம் இருப்பவருக்கும், கழுத்தை நெரிக்கும் கடன் உள்ளவருக்கும் மொத்தத் தொகையே தக்கதாக இருக்கலாம். எதைத் தேர்வது என்பது அவரவர் குடும்பத்தின் முடிவு. இரண்டையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தபின் அந்த முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

'ஊனம் பணியால் வந்ததன்று' என்று வாரியம் எழுதிவிட்டால் பலர் மனம் உடைந்து வாளாவிருந்து விடுகிறார்கள். அது தேவையில்லை. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-இல் சிக்னல்ஸ் படையில் சேர்ந்தார். வலிப்பு நோய் காரணமாக 1994-இல் 20 விழுக்காடு ஊனத்துடன் வெளியேற்றப்பட்டார். பிறவி இயல்பால் வந்த நோய் என்று கூறி ஓய்வூதியம் மறுத்தார்கள். 2013 ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படையில் சேரும்போது ஏட்டில் குறிக்கப்படாத நோய் பணியின்போது வந்ததென்றே கொள்ள வேண்டும். மறுப்பதாயின் வாரியம் காரணம் காட்ட வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை வீரன்மேல் இல்லை. ஐயத்தின் பயன் அவனுக்கே உரியது. 1982-ஆம் ஆண்டு விதிகளில் இருந்த இக்கருத்துகளுக்கே அத்தீர்ப்பு உயிர் கொடுத்தது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு சிப்பாய் காத்திருந்து பெற்ற நீதி அது. பின்வந்தோர் பலருக்கு வழி திறந்தது.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஊனத்தோடு பணியில் தொடர்ந்து பின்னர் ஓய்வு பெறுவோர்க்குரிய தொகைக்கு இப்போது 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று பெயர். ஆகவே பழைய தோழர் சொன்ன கணக்கை அப்படியே நம்பாமல், தாம் ஓய்வு பெறும் நாளுக்கு எந்த விதி பொருந்தும் என்று கேட்டறிதல் வேண்டும்.

இறுதியாக, நம் இளைஞர்களுக்கும் அவர்தம் இல்லத்தாருக்கும் நான்கு சொற்கள்.

முதலாவது, காயமோ நோயோ வந்த நாளிலேயே அது ஏட்டில் ஏறியதா என்று பாருங்கள். "சிறு அடிதானே" என்று விட்டது முதுமையில் பெருவழக்காகிறது. இரண்டாவது, மருத்துவ வாரியத்தின் தாளுக்கு ஒரு படி கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவது, மொத்தத் தொகை என்ற சொல் உள்ள எந்தத் தாளிலும், விவரமறிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். நான்காவது, மறுப்பு வந்தால் மேல்முறையீட்டின் கெடுவைத் தவறவிடாதீர்கள். பல மாவட்டங்களில் சைனிக் போர்டு இருக்கிறது. 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் இயங்குகிறது. அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. காலம் கடந்த ஓய்வூதியக் கோரிக்கையும் அறவே அழிந்து போவதில்லை. ஆனால் பழைய பாக்கி பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் கிடைப்பதில்லை என்பது 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். படைக் கணக்கு அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் நூலக அறையில் அவர்கள் இரண்டு மணி நேரம் அமரட்டும். தாளோடு வருபவருக்கு அதைப் படித்துப் பொருள் சொல்லட்டும். மேசை ஒன்றும் நாற்காலி நான்கும் போதும். நன்கொடை எதுவும் வேண்டியதில்லை. நம் அவில்தார் நண்பரிடம் இதனைச் சொன்னபோது, "எனக்குப் போனது போகட்டும் ஐயா, வாசலில் உட்கார்ந்து வருபவர்களுக்குப் பெயர் பதிகிற வேலையை எனக்குக் கொடுங்கள்" என்றார். அவர் இந்த அவையில் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டபடியால் சொல்லவில்லை.

தமிழைக் காப்பதற்காகச் சங்கம் வைத்தோம். அயலூரில் தமிழனுக்குத் துணை நிற்பதும் அப்பணியைச் சேர்ந்ததே. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளைத் தாய்மொழியில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், ஒரு குடும்பத்துக்கு மாதந்தோறும் சில ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருக்கும். இனி வரும் குடும்பங்களுக்கேனும் அந்த ஆளாக நாம் இருப்போம்.